வளவு வீட்டில் பாட்டுக் கேட்பது: 200 வாட் ஆம்ப்ளிஃபையர் வாங்கலாமா?

கேள்வியின் சுருக்கம் இது. சென்னையில் அடுக்ககத்தில் இருந்தவர், பணி ஓய்வுக்குப் பிறகு செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் உள்ள பூர்வீக வீட்டுக்கே குடிவந்துவிட்டார். தரையில் நிற்கும் வகை ஸ்பீக்கர் ஒரு ஜோடி வைத்திருக்கிறார். 8 ஓம் மின்தடை, 87 டெசிபல் திறன். ஆம்ப்ளிஃபையர் பக்கத்துக்கு 50 வாட். முகப்பை ஒட்டிய ஹால் 20 அடி நீளம், 12 அடி அகலம், 14 அடி உயரம். சென்னையில் இனிமையாகப் பாடிய அதே செட், இங்கே கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கிறது, சொற்கள் புரியவில்லை. கடைக்காரர், "பெரிய ஹால், 50 வாட் எப்படிக் காணும்? 200 வாட் போடுங்கள்" என்கிறார். வளவிலும், அதாவது வீட்டு நடுவே உள்ள திறந்த முற்றத்திலும், நாலு ஸ்பீக்கர் வைக்க ஆசை. அப்பத்தா ஊஞ்சலில் இருந்துதான் கேட்பார்கள். என்ன வாங்கலாம்?

வாங்காதீர்கள். இப்போதைக்காவது வாங்காதீர்கள். அந்த 200 வாட் பெட்டியைக் கொண்டுவந்து இணைத்தால், கிணற்றுக்குள் பாடுகிறவர் இன்னும் உரக்கப் பாடுவார். கிணற்றை விட்டு வெளியே வரமாட்டார்.

ஸ்பீக்கரிலிருந்து உங்கள் காதுக்கு இரண்டு ஒலிகள் வருகின்றன. ஒன்று நேராக வருவது. மற்றது சுவரிலும் தரையிலும் மச்சிலும் மோதி மோதித் தாமதமாக வந்து சேர்வது. சொல் புரிவதும் புரியாததும் இந்த இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. ஆம்ப்ளிஃபையரின் குமிழைத் திருகினால் இரண்டும் ஒரே அளவில் ஏறும். விகிதம் அப்படியே இருக்கும். எனவே வாட்டைக் கூட்டி எதிரொலிப்பைக் குறைக்க முடியாது. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருப்பது ஆம்ப்ளிஃபையர். அதைத்தான் அவரால் விற்க முடியும்.

உங்கள் வீடு ஒலியை எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். சுவர், சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் கலந்து, பளிங்குபோல் முகம் தெரியும் வரை தேய்த்தது. தரை, ஆத்தங்குடிக் கல். அந்தக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல்தான் வார்க்கிறார்கள். அதனால்தான் அந்த வழவழப்பு. மேலே பர்மாத் தேக்கு உத்தரங்கள், கட்டை நெருக்கம். இப்படிப்பட்ட பரப்பில் 100 பங்கு ஒலி மோதினால் 97 பங்காவது திரும்பி வரும். சென்னை அடுக்ககத்தில் உங்களுக்கு ஒன்பது, பத்து அடி உயரக் கூரை, சோபா, மெத்தை, திரைச்சீலை, துணி பிதுங்கும் அலமாரி எல்லாம் இருந்தன. செட்டின் நல்ல பெயரில் பாதி அந்த மூட்டை முடிச்சுகளுக்குச் சேரவேண்டியது.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர் வாலஸ் சபைன் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில், பேசிய சொல் ஐந்தரை வினாடி வரை சுற்றிக்கொண்டே இருந்தது. மாணவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரிசெய்யும் வேலை சபைன் தலையில் விழுந்தது. அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். கடைசியில் கிடைத்த சூத்திரம் எளியது: எல்லாவற்றையும் மீட்டரில் எடுத்துக்கொண்டு, அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையில் உள்ள மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி அடங்கும் நேரம் வினாடியில் வரும்.

உங்கள் ஹாலுக்குப் போட்டுப் பார்த்தேன். கன அளவு ஏறக்குறைய 95 கனமீட்டர். சுவர், தரை, மச்சு எல்லாம் சேர்ந்து 128 சதுர மீட்டர். நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சுகிறது என்று வைத்தால் உறிஞ்சும் பரப்பு நாலு சதுர மீட்டர்கூட இல்லை. விடை: 4 வினாடி. கதவைச் சாத்திய காலி அறைக்கான கணக்கு இது. நீங்கள் நாலு பேர் உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். வீட்டில் பாட்டுக் கேட்க 0.4 முதல் 0.6 வினாடிதான் நல்லது. 4 வினாடி அறையில், ஸ்பீக்கரை விட்டு இரண்டு அடி தள்ளி உட்கார்ந்தாலே நேர் ஒலியைவிடத் திரும்பி வரும் ஒலி மிஞ்சிவிடும். நீங்கள் உட்கார்ந்திருப்பது ஒன்பது, பத்து அடியில்.

இதே வீடுகளில் அந்தக் காலத்தில் கிராமபோன் பாடியதே என்று கேட்கலாம். பாடியது. காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், தந்தையின் கடையில் கிராமபோன் இசைத்தட்டு விற்றதில் தொடங்கித்தான் சினிமாவுக்குப் போனார். அந்த அளவுக்கு இந்த ஊர்களில் தட்டுக்குக் கிராக்கி இருந்தது. ஆனால் கிராமபோனை யாரும் ஹாலின் மறுகோடியில் இருந்து கேட்கவில்லை. பெட்டியைப் பட்டாலையில் வைத்து, அதைச் சுற்றி ஜமக்காளம் விரித்து, குழாய்க்கு மூன்றடி தூரத்தில் கூட்டமாக உட்கார்ந்தார்கள். நேர் ஒலி மிகுந்திருக்கும் தூரத்தை அவர்களுக்குக் காது சொன்னது.

இனி வைத்தியம். முதல் மருந்துக்குச் செலவே இல்லை: வளவுப் பக்கக் கதவுகளைத் திறந்து வையுங்கள். சபைன் உறிஞ்சுதலை அளக்க எடுத்துக்கொண்ட அலகே திறந்த ஜன்னல்தான். அதன் வழியே போன ஒலி திரும்பி வருவதில்லை. உங்கள் வளவோ வானம் பார்த்தது. ஆளுயரக் கதவு இரண்டைத் திறந்தால் ஐந்து சதுர மீட்டர் கிடைத்துவிடும். 4 வினாடி, 1¾ வினாடிக்கு இறங்கும். இதைச் செய்துவிட்டுப் பழைய தட்டு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். மேற்கொண்டு நான் சொல்வதை நம்புவது எளிதாக இருக்கும்.

இரண்டாவது, மெத்தை. இலவம் பஞ்சு மெத்தை ஆறு, பழைய பெட்டகத்து அறையில் கட்டாயம் சுருண்டு கிடக்கும். சோதனைக்காக ஒரு நாள் மட்டும் அவற்றைச் சுவரோரம் நிறுத்துங்கள். ஆறடிக்கு மூன்றடி மெத்தை ஆறு என்றால் பத்து சதுர மீட்டர். கதவும் மெத்தையும் சேர்ந்து முக்கால் வினாடிப் பக்கம் கொண்டுவந்துவிடும். தரையில் கனமான ஜமக்காளம், இரண்டு பருத்தித் திரை, நாலு பேர் என்று சேர்ந்தால் 0.6-ஐத் தொடும். ஜமக்காளத்தை மட்டும் நம்பாதீர்கள். மெல்லிய விரிப்பு 'ஸ்ஸ்' என்ற உயர் ஒலியை மட்டும் தின்னும். கிணற்றுத்தன்மை இருக்கும் நடு ஒலியைத் தொடாது. பத்து சென்டிமீட்டர் தடிமன், மேலிருந்து சுமார் 860 ஹெர்ட்ஸ் அதிர்வெண் வரை கீழே நன்றாக வேலை செய்யும். அதே மெத்தையைச் சுவரைவிட்டு இன்னொரு பத்து சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தினால் 430 வரை இறங்கும். தடிமனும் இடைவெளியும்தான் பேசும்.

செட்டிநாட்டு வீட்டு ஹாலில் மெத்தையை நிரந்தரமாக நிறுத்திவைத்தால் ஆச்சிமார் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். எனவே நிரந்தர ஏற்பாடு இப்படி: நாலடிக்கு இரண்டடி மரச்சட்டம், உள்ளே இரண்டு அங்குல ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) பலகை இரண்டு அடுக்கு, மேலே துணி. கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி என்று கேட்டு வாங்குங்கள். இழை பறக்காதபடி உள்ளே ஒரு மெல்லிய துணிப் பையாகத் தைத்துவிடவேண்டும். வேலை செய்யும்போது மூக்குக்கும் கைக்கும் உறை போடுங்கள், அரிப்பு சாதாரணமாக இருக்காது. மேல்துணிக்கு நான் பழைய கண்டாங்கிச் சேலையைத்தான் பயன்படுத்துவேன். துணி சரியானதா என்று பார்க்க வாயருகே வைத்து ஊதுங்கள். மூச்சு தாராளமாகப் போனால் ஒலியும் போகும். பட்டும் ரெக்சினும் உதவாது. கட்டம் போட்ட கண்டாங்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டினால், பார்க்கிறவர்கள் அலங்காரம் என்றே நினைப்பார்கள்.

சுவரில் ஆணி மட்டும் அடிக்காதீர்கள். அந்தப் பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்தால் சுற்றி ஒரு சாண் விரிசல் விடும். மறுபடி அதேபோல் பூசித் தேய்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது. சட்டங்களுக்குக் கால் வைத்து, சுவரைவிட்டு நாலு அங்குலம் தள்ளித் தரையில் நிறுத்துங்கள். பின்பக்கமும் ஒலியைத் தின்னும் என்பது கூடுதல் லாபம். எட்டிலிருந்து பத்துச் சட்டம் வரை தேவைப்படும்.

எங்கே நிறுத்துவது? இதற்கு ஒரு கண்ணாடி போதும். நீங்கள் வழக்கமான இடத்தில் உட்காருங்கள். வேறொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரில் ஒட்டினாற்போல் நகர்த்திக்கொண்டே போகட்டும். எந்த இடத்தில் உங்களுக்குக் கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கே ஒரு சட்டம். இரண்டு பக்கமும் இப்படி. மீதியை உங்கள் முதுகுப் பக்கச் சுவருக்கும் மூலைகளுக்கும் பகிருங்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருந்தால் கழற்றவேண்டாம். பாட்டுக் கேட்கும் நேரத்துக்கு அதன்மேல் கனத்த போர்வை ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

14 அடி உயரம் உங்களுக்குக் கிடைத்த வரம். மச்சில் பட்டு வரும் ஒலி தாமதித்து, தளர்ந்து வருகிறது. தாழ்ந்த கான்கிரீட் கூரையின் கீழ் இந்த நிம்மதி கிடையாது.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பதற்கு வருகிறேன். 12 அடிச் சுவரை முதுகாக வைத்து, அறையின் நீளவாக்கில் பாடவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஏழு அடி. பக்கச் சுவரிலிருந்து இரண்டரை அடி. ஸ்பீக்கரின் முகத்திலிருந்து பின்சுவருக்கு மூன்றடி. உட்காரும் இடம் ஸ்பீக்கருக்கு ஒன்பது அடி முன்னால். அப்போது உங்கள் பின்னால் எட்டு அடி மிஞ்சும். அறையின் சரிபாதியில் உட்காராதீர்கள். பின்சுவரை ஒட்டியும் உட்காராதீர்கள். உங்கள் அறையின் நீளம் 28 ஹெர்ட்ஸிலும், உயரம் 40-இலும், அகலம் 47-இலும் முழங்கும். மூன்றும் தனித்தனியாக இருப்பது நல்ல சகுனம். நீளமும் அகலமும் சமமான சதுர அறையாக இருந்திருந்தால் இரண்டு முழக்கம் ஒரே இடத்தில் விழுந்து தவில் முழுதும் ஒரே சுருதியில் கேட்டிருக்கும்.

பின்சுவருக்கு மூன்றடி என்றேனே, அது வேதவாக்கு இல்லை. சுவரில் பட்டு வரும் அலை, நேர் அலையோடு எதிர்ப்பட்டு ஏதோ ஒரு சுருதியை அழிக்கும். மூன்றடிக்கு அந்தப் பள்ளம் 94 ஹெர்ட்ஸ் பக்கம். ஒன்றரை அடிக்கு 188, ஆண் குரலின் கீழ்ப்பகுதி. எனவே சுவரோடு ஒட்டி வைத்தால் குரல் கெடும், மூலையில் திணித்தால் அடிஒலி ஊதிப் பெருக்கும். நாலு நாலு அங்குலமாக நகர்த்தி, உங்களுக்கு மனப்பாடமான ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஒரு சாக்பீஸால் தரையில் குறியிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். போகட்டும்.

ஸ்பீக்கரின் அடியில் கூர்முனை ஆணிகள் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஆத்தங்குடிக் கல்லில் அவை குழி போடும். காரைக்குடியில் ஒருவர் வீட்டில் நானே இந்தப் பிழையைச் செய்து, எட்டுக் குழிக்கு அவர் வீட்டு ஆச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தடித்த கம்பளித் துண்டு போதும்.

ஊஞ்சல் விஷயம் சிரிப்புக்குரியதல்ல, நல்ல கேள்வி. ஊஞ்சல் ஸ்பீக்கரை நோக்கி முன்னும் பின்னும் ஆடினால் இரண்டு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம் ஒரே அளவாகக் கூடிக் குறையும். பாடகர் நடுவிலேயே நிற்பார். பக்கவாட்டில் ஆடினால் பாடகரும் இடமும் வலமும் ஓடிக்கொண்டிருப்பார். சங்கிலி எந்த உத்தரத்தில் தொங்குகிறதோ அதை மாற்ற முடியாது. அதனால் ஊஞ்சல் ஆடும் திசையைப் பார்த்து ஸ்பீக்கர் சுவரைத் தேர்ந்தெடுங்கள். உயரமும் பொருந்தும்: ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்தவரின் காது ஏறக்குறைய மூன்றரை அடியில் இருக்கும், தரையில் நிற்கும் ஸ்பீக்கரின் ட்வீட்டரும் (உயர் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) அந்தப் பக்கம்தான். பாயில் உட்கார்ந்து கேட்கும் நாளில் ஸ்பீக்கரின் பின்காலுக்கு இரண்டு நாணயம் அண்டைக் கொடுத்துச் சற்று முன்னால் சாய்த்துக்கொள்ளலாம். சங்கிலிக் கொக்கிக்கு எண்ணெய் போட மறக்காதீர்கள். அதன் கிரீச் சத்தத்தைப் பதிவின் குறை என்று நினைத்து நான் அரை மணி நேரம் தேடியிருக்கிறேன்.

இதெல்லாம் ஆன பிறகு ஆம்ப்ளிஃபையர்.

உங்கள் ஸ்பீக்கரின் 87 டெசிபல் என்ற எண்ணுக்குப் பொருள், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு ஒலி என்பது. மூன்று மீட்டருக்கு வரும்போது ஒன்பதரை குறையும். இரண்டாவது ஸ்பீக்கர் மூன்று கூட்டும். அறை தன் பங்குக்கு இன்னொரு மூன்று தரும். ஆக, ஒரு வாட்டுக்கு நீங்கள் உட்காரும் இடத்தில் 83, 84 டெசிபல். வீட்டில் நிறைவாகப் பாட்டுக் கேட்கும் அளவு 75 டெசிபல். அதற்குச் செலவாகும் மின்சாரம் ஒரு வாட்டில் ஏழில் ஒரு பங்கு. நம்பக் கடினம்தான், கணக்கு அதுதான். திடீரென்று விழும் தவில் அடிக்கு 20 டெசிபல் கூடுதலாக ஒதுக்கினாலும் 14 வாட். உங்களிடம் 50 இருக்கிறது.

50-இலிருந்து 200-க்குப் போனால் ஏறுவது 6 டெசிபல். காதுக்கு இருமடங்கு என்று தோன்ற 10 டெசிபல் வேண்டும். அதாவது பத்து மடங்கு வாட். கடைக்காரர் சொன்ன தாவலில் செலவு ஏறும் வேகத்துக்கு ஒலி ஏறாது. 1978-இல் வந்த என்.ஏ.டி. 3020 என்ற ஆம்ப்ளிஃபையர் பக்கத்துக்கு 20 வாட்தான்; இன்றும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

எப்போது மாற்றவேண்டும்? ஸ்பீக்கர் 4 ஓம், 83 டெசிபல் போன்ற பசி மிகுந்த வகையாக இருந்தால். அல்லது உச்சத்தில் ஒலி கரகரத்து உடைந்தால். உடையும் நிலையில் தொடர்ந்து ஓட்டினால் ட்வீட்டருக்குப் போகும் சராசரி மின்சாரம் ஏறி, அந்த மெல்லிய சுருள் கருகும். அப்படி மாற்றுவதாக இருந்தால், பெட்டியின் முகப்பில் அச்சடித்த எண்ணைப் பார்க்காதீர்கள். பி.எம்.பி.ஓ. (கணநேர உச்ச வாட்) என்று எழுதியிருந்தால் அது கற்பனைக் கணக்கு. ஆர்.எம்.எஸ். வாட் (தொடர்ந்து தரக்கூடிய வாட்), எத்தனை ஓமில், எத்தனை சதவீதச் சிதைவில் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது ஓர் எண். 10 சதவீதச் சிதைவில் அளந்த வாட், கரகரப்பையும் சேர்த்து நிறுத்த எடை.

கிளாஸ் டி என்ற, சூடு குறைந்த புதுவகைச் சின்ன ஆம்ப்ளிஃபையர் பெட்டிகளுக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. கூட வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 5 ஆம்பியர் என்று போட்டிருந்தால் உள்ளே போவதே 60 வாட். அதிலிருந்து 600 வாட் வருகிறது என்பவர் மின்வாரியத்துக்கே கடன் கொடுக்கலாம். 24 வோல்ட் பெட்டி 8 ஓம் ஸ்பீக்கருக்கு 36 வாட்டுக்கு மேல் சுத்தமாகக் கொடுக்க முடியாது. 24-ஐ 24-ஆல் பெருக்கி, 8 ஓமின் இருமடங்கான 16-ஆல் வகுத்துப் பாருங்கள். ஆனால் அந்த 36 வாட் உங்களுக்குத் தாராளம் என்பதையும் மேலே பார்த்தோம். எனக்குக் கிளாஸ் டி மேல் வெறுப்பு இல்லை. சூடு குறைவு, சித்திரை வெயிலில் அது பெரிய விஷயம். கனத்த டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய வகையான கிளாஸ் ஏபி, பத்து ஆண்டு கழித்தும் பக்கத்து மெக்கானிக்கால் பழுதுபார்க்கப்படும். 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி எந்த ஊரிலும் கிடைக்கும். ஊரோடு இருக்கப் போகிறவருக்கு நான் இரண்டாவதைச் சொல்வேன்.

டிரான்ஸ்பார்மர் வகையில் ஒரு பயம் பொதுவாக உண்டு: மாலையில் மின்னழுத்தம் 190-க்கு இறங்கினால் பாட்டுச் செத்துவிடும் என்று. வாட் 68 சதவீதமாகக் குறையும். டெசிபலில் அது 1.7. காதுக்குப் பெரிதாகத் தெரியாது. ஸ்டெபிலைசரை ஃபிரிட்ஜுக்கு வாங்குங்கள்.

ஒயர் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. பத்து மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால் போகவர மின்தடை 0.15 ஓம், 8 ஓமுக்கு இது ஒன்றுமே இல்லை. 14/36 என்று விற்கும் மெல்லிய ஒயர் போட்டால் 0.85 ஓம், அது வேண்டாம். வீட்டு வயரிங் ஒயரே போதும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஒயருக்குக் கொடுக்கும் பணத்தில் நாலு சட்டம் செய்துகொள்ளலாம்.

அடுத்து உங்கள் வளவு ஆசை. ஹாலில் இருக்கும் ஆம்ப்ளிஃபையரிலேயே வளவு ஸ்பீக்கரையும் கூட்டிக் கட்டாதீர்கள். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாகக் கட்டினால் 4 ஓம். மூன்றைக் கட்டினால் மூன்றுக்கும் கீழே. ஆம்ப்ளிஃபையர் சூடாகும், பிறகு மணம் வரும். திறந்த வளவில் கூரையும் சுவரும் உதவிக்கு வராது; தூரமும் இருமடங்கு. அங்கே ஹாலில் கேட்கும் அதே அளவு வேண்டுமென்றால் வாட் எட்டு மடங்கு கேட்கும். வீட்டு ஸ்பீக்கர் அதற்குப் பிறந்ததல்ல.

திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கர், சின்ன ஆம்ப்ளிஃபையரில் ஊருணிக்கு அக்கரை வரை கேட்பது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? அதன் திறன் 105 டெசிபலைத் தாண்டும். உங்கள் ஸ்பீக்கரைவிட 18 கூடுதல். அதாவது அதே ஒலிக்கு அறுபதில் ஒரு பங்கு வாட் போதும். இனிமையை விற்றுத் தூரத்தை வாங்கிய கருவி அது. வளவுக்கு இரண்டுக்கும் நடுவான வழி, 100 வோல்ட் லைன் முறை. கோயில், பள்ளிக்கூடங்களில் மைக் செட் போடுகிறவர்களுக்கு இது அத்துப்படி. சின்னச் சின்னச் சுவர் ஸ்பீக்கர் நாலு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர், ஒவ்வொன்றையும் 10 வாட்டுக்கு வைத்து ஒரே ஒயரில் கோத்துக்கொண்டு போகலாம். கூட்டுத்தொகை ஆம்ப்ளிஃபையரின் வாட்டுக்குள் இருந்தால் சரி. 60 வாட் பெட்டி தாராளம். ஓம் கணக்குத் தலைவலியே இல்லை. தூண்களில் துளையிடாமல் பட்டைக் கயிற்றில் அல்லது இரும்புப் பட்டியில் கட்டுங்கள், தாழ்வாரத்துக்குள்ளே, சாரல் படாத இடத்தில். காலைப் பக்திப் பாட்டுக்கும் கல்யாண நாள் நாதஸ்வரத்துக்கும் அது போதும். உரக்க ஒரு ஸ்பீக்கர் வைப்பதைவிட மெதுவாக நாலு வைப்பது வளவுக்கு எப்போதும் நல்லது. ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றுக்கு அருகில் இருப்பார்கள். கிராமபோன் கதைதான்.

பழைய வீட்டு மின்சாரம் பற்றி ஓர் எச்சரிக்கை. மரப்பட்டைக்குள் ஓடும் அந்தக் கால வயரிங்கில் எர்த் இருக்காது. ஆம்ப்ளிஃபையரைத் தொட்டால் சுள்ளென்று இருப்பதும், 'ம்ம்ம்' என்று இரைச்சல் வருவதும் பெரும்பாலும் அதனால்தான். பின்கட்டுத் தோட்டத்தில் கரியும் உப்பும் போட்டு ஒரு எர்த் குழி எடுத்து, செட் இருக்கும் இடத்துக்கு மட்டுமாவது மூன்று கம்பி ஒயர் இழுங்கள். எர்த் வந்த பிறகும் இரைச்சல் இருந்தால் டி.வி. கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். இரைச்சலுக்குப் பயந்து எர்த் முனையை வெட்டுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

பாட்டோடு சேர்ந்து எங்கோ கலகலவென்று அதிர்ந்தால் உடனே ஸ்பீக்கரைச் சந்தேகிக்காதீர்கள். நிலைக்கு மேலே இருக்கும் வண்ணக் கண்ணாடி, சாய்வாக மாட்டிய ஐயாவின் படம், சரவிளக்கு, அடுக்கிவைத்த வெண்கலப் பானை என்று ஒவ்வொன்றாகக் கையை வைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் அது பெட்டகத்தின் சாவிக்கொத்தாக இருந்தது.

நீங்கள் சென்னைக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போய் இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும் அல்லவா? போகும்போது பிளக்கை உருவிவிட்டுப் போங்கள், இடிக்கும் நல்லது. ஆம்ப்ளிஃபையரின் காற்றுத் துளைகளில் மெல்லிய நைலான் வலை ஒட்டுங்கள். பல்லி உள்ளே போய் சர்க்யூட் பலகையில் குறுக்கே படுத்து உயிரை விட்டு, ஆம்ப்ளிஃபையரின் உயிரையும் கூட்டிக்கொண்டு போனதை என் மேசையில் நாலைந்து முறை பார்த்திருக்கிறேன். ஸ்பீக்கர் கூம்பின் ஓரம் ரப்பரா, ஃபோமா என்றும் பாருங்கள். ஃபோம் என்றால் சில ஆண்டுகளில் விரல் பட்டாலே உதிரும், ரப்பர் தாங்கும்.

வீட்டில் அப்பச்சி காலத்து ஆம்ப்ளிஃபையரோ ரேடியோகிராமோ பல ஆண்டு மூடிக்கிடந்தால் ஆசையில் நேராகச் சொருகிவிடாதீர்கள். உள்ளிருக்கும் மின்தேக்கிகள் தூங்கிப் போயிருக்கும். மெக்கானிக்கைக் கூப்பிட்டு, ஒரு 100 வாட் குண்டு பல்பை மின்கம்பியில் தொடராகக் கோத்துப் போடச் சொல்லுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்ல செய்தி. முழு வெளிச்சத்தோடு நின்றால் உள்ளே குறுக்கோட்டம்; பல்பு தடுத்ததால் பெட்டி பிழைத்தது.

முதலில் கதவுகளைத் திறந்துவைத்து ஹாலின் நடுவே நின்று ஒருமுறை கை தட்டுங்கள். பிறகு சாத்திவிட்டுத் தட்டுங்கள். ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று எழுதுங்கள். ஊஞ்சல் எந்தப் பக்கமாக ஆடுகிறது என்பதையும். அதைவைத்துச் சட்டம் எத்தனை என்று சரியாகச் சொல்கிறேன்.